இருபத்தொன்றாம் தேதிப் படபடப்பு

வரி ஆலோசனை வேலையில் இருப்பவனுக்கு மாதம் என்பது நான்கு தேதிகள்தான். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரி, கட்ட வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற வேண்டும். 15 என்றால் பிஎஃப், இஎஸ்ஐ. 20 என்றால் 3பி ரிட்டர்ன், அந்த மாதத்து ஜிஎஸ்டி கணக்கு. அன்று நள்ளிரவைத் தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு மேல் கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. மதுரையில் எனக்கு ஒரு சிறிய அலுவலகம். பாத்திரக் கடை, பெயிண்ட் கடை, மாவு மில், லாரி வைத்திருப்பவர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். நான் பட்டயக் கணக்காளன் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் "ஆடிட்டர் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

வேலைப்பளுவைப் பற்றிப் புலம்புவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. 20ஆம் தேதி இரவு போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடிபி போக வேண்டிய கடைக்காரர் கல்யாண வீட்டில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். அலுவலகப் பையன்கள் கையைப் பிசைவார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கை நடுங்காது, குரல் உயராது, கணக்குகள் கண்ணாடி போலத் தெரியும். மறுநாள் காலை தாமதமாக எழுந்து, குளித்து, இன்று அவசரம் ஒன்றும் இல்லை என்று செய்தித்தாளை விரிக்கும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். விரல் நுனிகள் மரத்துப்போகும். தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல இருக்கும். எழுந்து நின்றால் தரை லேசாகச் சாய்ந்திருக்கும். அதன்பின் அன்று முழுவதும் நான் செய்கிற ஒரே வேலை, மணிக்கட்டில் நாடியை எண்ணுவது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களும் அப்படித்தான். தீபாவளிக்கு மறுநாளும் அப்படித்தான். வேலை நிறைந்த நாள் என்னைத் தொடாது. காலியான நாள்தான் பிடித்துக்கொள்ளும்.

நாற்பது வயதைக் கடந்தவனுக்கு நெஞ்சு படபடத்தால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் கிடையாது. ஈசிஜி, எக்கோ, தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின், சர்க்கரை. எல்லாம் பார்த்தேன். எல்லாம் நார்மல். இந்த "நார்மல்" ஒரு விசித்திரமான செய்தி. மருத்துவர் அதைப் புன்னகையோடு சொல்கிறார். கேட்டுக்கொண்டு வெளியே வந்து, மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது, அப்படியானால் இது என்ன என்ற கேள்வி முன்பைவிடப் பெரிதாக நிற்கிறது. நோய்க்குப் பெயர் இருந்திருந்தால் கூகுளில் தேடவாவது செய்யலாம்.

உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்வது ஓரளவு உதவியது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915இல் ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன், பயமும் கோபமும் வரும்போது உடல் எப்படி மாறுகிறது என்பதை விரிவாக எழுதினார். சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்று இன்று எல்லோரும் சொல்கிற அந்த ஏற்பாடு அவர் விளக்கியதுதான். மூளை ஆபத்து என்று முடிவு செய்தவுடன் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. இதயம் வேகமாகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகிறது, மூச்சு வேகமாகிறது. ஓடவில்லை, சண்டையும் போடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரப்பதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். மாரடைப்பு என்று நினைத்து இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம். விரல் மேலும் மரக்கும். இந்தச் சுற்று பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். இறங்கும் என்பதை அந்தச் சில நிமிடங்களில் நம்ப முடியாது என்பதுதான் அதன் கொடுமை.

வீட்டில் அவரவர்க்குத் தெரிந்த மருத்துவம் நடந்தது. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை என்றதும், "பார்த்தாயா, எத்தனை கண்!" என்றார். அக்கா கோரிப்பாளையம் தர்காவுக்கு அழைத்துப் போய் மந்திரிக்க வைத்தார். எல்லா மதத்தாரும் அங்கே போவது மதுரையில் புதிதில்லை. அங்கே ஒரு பெரியவர் என் எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஓதி, முகத்தில் மெல்ல ஊதினார். உண்மையைச் சொன்னால் அன்று நன்றாக இருந்தது. ஒரு மனிதர் எந்த அவசரமும் இல்லாமல் இன்னொரு மனிதரின் முன்னால் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுகிறார். அதற்குப் பலன் இல்லாமல் போகுமா? பகுத்தறிவு பேசும் என் மைத்துனன் சிரித்தான். அவன் கையில் அப்போது நூறு மில்லி காபியும் ஒரு சிகரெட்டும் இருந்தன. பதற்றத்துக்கு அவன் கண்ட மருந்து அவை.

பிறகுதான் தளர்வைத் தேடும் படலம் தொடங்கியது. இதற்கென்றே ஒரு பெரிய சந்தை இருக்கிறது என்பது தேடுகிறவனுக்குத்தான் தெரியும். அலைபேசியில் மழைச் சத்தம் போடும் செயலி. அதில் இலவசமாக வருவது சாதாரண மழை. காட்டு மழை வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தா. லாவண்டர் எண்ணெய். கழுத்தில் போட்டுக்கொள்ளும், கையடக்க மசாஜ் இயந்திரம். பித்தளைக் கிண்ணத்தைக் குச்சியால் உரசி ஓசை எழுப்புகிற வகுப்பு. நெற்றியில் எண்ணெய் ஊற்றும் சிரோதாரா. ஒவ்வொன்றையும் நான் செலவுக் கணக்கில் எழுதுகிறவன் போலவே அணுகினேன்: போட்ட பணத்துக்கு எவ்வளவு அமைதி வந்தது? சிரோதாரா மேசையில் படுத்து, சூடான எண்ணெய் நெற்றியில் வழிந்துகொண்டிருக்கையில், இப்போது தளர்ந்திருக்கிறோமா என்று உள்ளே ஒருவன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. எழுந்துவிடலாம் என்றால் கண்ணில் எண்ணெய்.

எல்லாவற்றிலும் உச்சம் கொடைக்கானல்தான். இடம் மாறினால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். 20ஆம் தேதி வேலையை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பினோம். கொடைக்கானல் ஏரி இயற்கையாக வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மதுரையில் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது அது. மதுரை வெயிலும் மதுரைக் கோப்புகளும் ஒரு மனிதரை மலையேற்றி ஏரி வெட்ட வைத்திருப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. மறுநாள் காலை அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். குளிர், மூடுபனி, யாரோ வறுக்கும் சோளக்கதிர் வாசனை. மகள் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதற்குத்தானே வந்தோம், இதோ அமைதி, இனி நிம்மதியாக இரு என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். அதுவரை மதுரையில் வந்த எதுவும் அன்று வந்ததற்கு ஈடில்லை.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்றாள் மனைவி.

"ஒன்றுமில்லை, குளிர்" என்றேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. வாடிக்கையாளர் ஒருவரின் லாரியைத் திண்டுக்கல் அருகே வரித்துறைப் பறக்கும் படை நிறுத்திவிட்டது. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லில் வண்டி எண் தவறு. டிரைவர் அழாத குறை. விடுதி அறைக்கு ஓடினேன். மடிக்கணினியைத் திறந்து, வண்டி எண்ணை மாற்றி, அதிகாரியிடம் பேசி, டிரைவரைச் சமாதானப்படுத்தி, எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்: படபடப்பு போயிருந்தது. மனைவி அறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குக் கொடைக்கானல் வேண்டாம். மாதா மாதம் ஒரு லாரியைப் பிடிக்கச் சொல்லுவோம்" என்றாள். அவள் கேலியாகச் சொன்னதில் இருந்த உண்மை பிறகு ஒரு மருத்துவர் வாயிலிருந்து வந்தது.

மனநல மருத்துவர் என்னைவிட வயதில் இளையவர். நான் கொண்டுபோன ஈசிஜி காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது: "இது வேலையில் இருக்கும்போது வருகிறதா, சும்மா இருக்கும்போது வருகிறதா?" அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. சும்மா இருக்கும்போதுதான் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தளர்ந்திருக்க முயலும்போதே பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு, 1980களிலேயே ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்கோவெக் போன்றவர்கள் அப்போதே இதை எழுதியிருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் நியூமனும் ஹான்ஜூ கிம்மும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓயாமல் கவலைப்படுகிறவர்கள் கவலையை விரும்பியே கையில் வைத்திருக்கிறார்கள் என்பது நியூமனின் விளக்கம். அமைதியாக இருக்கும்போது கெட்ட செய்தி வந்தால் விழுகிற பள்ளம் பெரிது. ஏற்கெனவே கவலையில் இருந்தால் விழ இடமே இல்லை. ஆகவே மனம் ஒரு பாதுகாப்புக்காகத் தாழ்வான இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. யாராவது அதைத் தளர்வு என்ற மேட்டில் ஏற்றினால் மிரள்கிறது.

இதைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். நாங்கள் பிள்ளைகள் கூடி உருண்டு சிரிக்கும்போதெல்லாம் திண்ணையிலிருந்து குரல் வரும்: "ரொம்பச் சிரிக்காதீர்கள், அழப் போகிறீர்கள்." நம்மில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர்? நல்ல செய்தியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவோம். குழந்தை அழகாக இருந்தால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்போம். புது வீடு கட்டினால் பூசணிக்காயில் பூதம் வரைந்து தொங்கவிடுவோம். சந்தோஷம் வந்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது, அதனால் தலையைக் குனிந்தே நட என்று ஊரே சொல்லிக்கொடுத்த பிறகு, 21ஆம் தேதி காலை செய்தித்தாளோடு உட்கார்ந்தவனின் நெஞ்சு அடித்துக்கொள்வதில் என்ன வியப்பு? பாட்டியைக் குறை சொல்லவில்லை. அவர் பார்த்த வாழ்க்கையில், சிரித்து முடிப்பதற்குள் தந்தி வந்துவிடும்.

இன்னொரு பழங்கதையும் இங்கே பொருந்துகிறது. வைத்தியர் மருந்தைக் கொடுத்து, குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினார். அதன்பின் அந்த நோயாளியால் மருந்தே குடிக்க முடியவில்லை. 1987இல் டெக்சாஸில் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் டேனியல் வெக்னர் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இப்போது நினைக்கலாம் என்று அனுமதித்ததும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. வெக்னர் பின்னர் தந்த விளக்கம்: ஒன்றை நினைக்காமல் இருக்க வேண்டுமானால், நினைத்துவிட்டோமா என்று சரிபார்க்க மனதின் ஒரு பகுதி அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் மேசையில் எனக்குள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் இந்த ஆள்தான். எந்தச் செயலியைப் போட்டாலும், எந்த மலையில் ஏறினாலும் இவன் கூடவே வருவான். பதற்றம் போய்விட்டதா என்று பார்க்கிற வரைக்கும் அது போகாது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிளேர் வீக்ஸ் என்ற மருத்துவரைப் பற்றியும் என் மனநல மருத்துவர்தான் சொன்னார். வீக்ஸ் முதலில் விலங்கியல் படித்தவர். இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயத்தில் நெஞ்சு படபடப்பு வந்து நிலைத்துவிட்டது. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், பயத்தால் வருவது என்று சாதாரணமாகச் சொன்னாராம். அதோடு வீக்ஸின் படபடப்பு பிடியை விட்டது. பிற்காலத்தில் மருத்துவராகி, பொதுமக்களுக்காக எழுதியவற்றில் அவர் இரண்டு பயங்களைப் பிரித்துக் காட்டினார். முதல் பயம் உடம்பிலிருந்து தானாக எழுவது. அதை நாம் தடுக்க முடியாது. இரண்டாவது, ஐயோ வந்துவிட்டதே என்று நாம் அதன்மேல் ஏற்றுவது. சிகிச்சையெல்லாம் இரண்டாவதுக்குத்தான். எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, காலம் கடக்க விடு என்று நாலு படி. கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நெஞ்சு வெடிக்கிறது என்று வந்தவனிடம் மிதந்து போ என்றால்? ஆனால் கோபப்பட்டுக்கொண்டே கடைப்பிடித்தாலும் அது வேலை செய்கிறது. அதை மெச்சத்தான் வேண்டும்.

நடைமுறையில் என் மருத்துவர் என்ன செய்யச் சொன்னார்? முதலில் சட்டைப் பையைக் காலி செய்யச் சொன்னார். என் பையில் அப்போது விரலில் மாட்டி நாடி பார்க்கும் கருவி, அவசரத்துக்கு ஒரு மாத்திரை அட்டை, ஒரு சிறு தண்ணீர் பாட்டில் எல்லாம் இருக்கும். மாத்திரையைத் தொட்டதே இல்லை. அட்டை இருக்கிறது என்ற தைரியம்தான். அந்தத் தைரியமே தொல்லை என்றார். ஒவ்வொரு முறை படபடப்பு இறங்கும்போதும் அது தானாக இறங்கியது என்று மூளை கற்றுக்கொள்ளாது. அட்டை இருந்ததால் தப்பித்தோம் என்று கற்றுக்கொள்ளும். அட்டையை அலுவலக மேசையில் வைத்துவிட்டு முதன்முறையாகத் தெரு முனை வரை போனபோது ஏதோ சட்டை போடாமல் போவது போல இருந்தது.

அடுத்தது தசை. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் விவரித்த முறை இது. கை முஷ்டியை இறுக்கு, சில நொடி பிடி, விடு. விடும்போது என்ன உணர்கிறாய் என்று கவனி. பிறகு முன்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, கால் விரல். இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குத் தளர்வும் தெரியாது என்பது அதன் அடிப்படை. என் தாடை நாள் முழுவதும் கடித்தபடி இருக்கிறது என்பதை இதைச் செய்த பிறகுதான் அறிந்தேன். பல் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் பில் போடுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இதில் மருத்துவர் வைத்த நிபந்தனைதான் முக்கியம்: படபடப்பு வரும்போது இதைச் செய்யக் கூடாது. நன்றாக இருக்கிற காலையில், பல் துலக்குகிற மாதிரி, பலனைப் பார்க்காமல் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் எவ்வளவு தளர்ந்தோம் என்று மதிப்பெண் போடக் கூடாது. ஆரம்பத்தில் தளர்வின்போது பயம் வந்தால் வரட்டும், எழுந்து ஓடாமல் அதிலேயே கிடக்க வேண்டும். மேட்டில் ஏறினால் விழ மாட்டோம் என்பதை மனம் அப்படித்தான் பழகும்.

மூச்சுக்கும் இதே விதிதான். உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது கொஞ்சம் நிதானமாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால் விடுகிற மூச்சு நீளமாக இருப்பது நல்லது. 2023இல் ஸ்டான்ஃபோர்டில் வெளியான ஆய்வு ஒன்று, தினம் ஐந்து நிமிடம் பெருமூச்சு போல நீளமாக மூச்சை விடும் பயிற்சியைத் தியானத்தோடும் வேறு இரண்டு மூச்சு முறைகளோடும் ஒப்பிட்டது. ஒரு மாதத்தில் மனநிலையை அதிகம் உயர்த்தியது பெருமூச்சுதான். விளக்கு வைத்த நேரத்தில் பெருமூச்சு விடாதே என்று எங்கள் வீட்டில் அதட்டுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் பாட்டியோடு நான் முரண்பட வேண்டியிருக்கிறது.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது போர்கோவெக் தந்த யோசனை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் குறித்து வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். என் தொழிலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அலுவலகத்தில் பழைய பேரேடு ஒன்று கிடந்தது. மாலை ஆறு மணிக்கு அதில் எழுதுவேன். மகளின் பொறியியல் கல்லூரிக் கட்டணம். அம்மாவின் முழங்கால். ஒரு வாடிக்கையாளருக்கு வந்த நோட்டீசுக்குப் பதில் போட மறந்தோமோ. எழுதிப் பார்த்தால் பாதிக் கவலைகள் ஒரு போனில் தீரக்கூடியவை. மீதிப் பாதி யாராலும் தீர்க்க முடியாதவை. ஆறு மணிக்குக் கவலைப்பட வேண்டும் என்று உட்கார்ந்தால் சில நாள் கவலையே வராது; அந்த எரிச்சலை அனுபவித்துத்தான் பார்க்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றி ஒளித்துப் பேசுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற எஸ்சிடலோபிராம் எடுத்தேன். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் படபடப்பு கூடுதலாகவே தோன்றலாம். முன்னதாகவே சொல்லி வைத்ததால் பயப்படவில்லை. நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி மெல்ல மெல்லத்தான், நாமாகத் திடீரென்று கூடாது. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மாத்திரைகள் வேறு வகை. சீக்கிரம் அமைதி தரும், அதனாலேயே சீக்கிரம் பழகிவிடும். அல்பிரசோலம் எச்1 பட்டியலில் இருக்கிற மருந்து. மருந்துச்சீட்டைப் பார்த்து, விற்றதைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உறவினர் ஒருவர், "எனக்குக் கொடுத்தது மிச்சம் இருக்கிறது, பாதி போட்டுக்கொள் தம்பி" என்று கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே நீட்டுகிறார் என்றால் அன்பைப் பெற்றுக்கொண்டு மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காபியைப் பாதியாகக் குறைத்தேன். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணி டபராவில் பாதி இரவு பதினொன்றுக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. முழுவதும் விடச் சொன்னார்கள். அது முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மாலைகளில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். திருமலை நாயக்கர் தன் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம் இது, அப்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோவிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பது ஊரில் வழங்கும் செய்தி. நான் சிறுவனாக இருந்தபோது குளம் காய்ந்து கிடக்கும். உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவோம். இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்னும் கூட்டத்தில் ஒருவனாக இருப்பது, கொடைக்கானலில் தனியாக அமைதியோடு உட்கார்ந்ததைவிட எனக்கு லகுவாக இருக்கிறது. என்னை அங்கே யாரும் நிம்மதியாக இருக்கச் சொல்வதில்லை.

எதிர்பாராமல் கைவந்தது பூக்கட்டுதல். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி, கட்ட முடியவில்லை. கட்டிய பூ வாங்கலாம் என்றால், "நெருக்கமே இல்லாமல் முழத்தை இழுத்து அளக்கிறார்கள்" என்று முகம் சுளிப்பார். ஒரு ஞாயிறு மதியம், அந்த நேரம்தான், உதிரி மொட்டைக் கொட்டி வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். வாழை நாரைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். இரண்டு மொட்டை ஒரு பக்கம், இரண்டை எதிர்ப்பக்கம், காம்புகள் நடுவில் சேருகிற மாதிரி வைத்து, நாரைச் சுற்றி வளையம் போட்டு இழுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ உதிரும். இதை வைத்து யாரும் தத்துவம் பேச வேண்டாம். நல்ல நெருக்கமாக ஒரு முழம் கட்டிக் காட்டிவிட்டுப் பேசட்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டாக வருவது இருட்டுவதற்குள் விரியத் தொடங்கிவிடும்; ஆகவே வேலையை நிறுத்திவிட்டு நாடி பார்க்க நேரம் இருக்காது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஆண்கள் கட்டுவது சாதாரணம்தான், ஆனால் எங்கள் தெருவில், "என்ன ஆடிட்டர் சார், சைடு பிசினசா?" என்று கேட்டார்கள். மார்கழி, தையில் வரத்துக் குறைந்து மல்லி விலை ஏறும்போது, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும்.

இதனால் எனக்குப் படபடப்பே வருவதில்லை என்று எழுதினால் பொய். வருகிறது. முன்பு அதை விரட்ட ஒரு நாளைச் செலவழித்தேன். இப்போது அது வந்து உட்கார்ந்திருக்கும்போதே வேறு வேலை நடக்கிறது. ஞாயிறு மதியத் தூக்கம் மட்டும் இன்னும் சரிப்படவில்லை. வீடே தூங்கும்போது நான் விழித்துக் கிடப்பேன்.

அலுவலகத்தில் இருக்கும் இளைஞன் ஒருவன் சமீபத்தில் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "சார், உங்களுக்கும் இது இருந்தது என்று சொன்னார்கள்." அவனுக்கு இரவில் வருகிறதாம். ஈசிஜி எடுத்துவிட்டானா என்று கேட்டேன். எடுத்துவிட்டான், நார்மல். தைராய்டு பார்க்கச் சொன்னேன். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு ஒரு காரணமாக இருக்க வேண்டாம் என்றேன். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 14416. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம் என்று எண்ணை எழுதிக் கொடுத்தேன். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அவன் கையில் இருக்கும் ரிட்டர்ன்களை நான் முடித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மூச்சுப் பயிற்சியில் எது நல்லது சார்? வந்தவுடனே நிறுத்துகிற மாதிரி?" என்று கேட்டான்.

எது வேண்டுமானாலும் செய், ஆனால் வராத நாளில் செய் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவன் வயதில் எனக்கும் போதாமல்தான் இருந்திருக்கும்.